பின்னறையில் அரை மணி நேரம்

இளையவள்: ...அப்போ இதைக் குடுக்கத்தான் ரெண்டு பஸ் மாறி வந்தீங்களா? இந்தப் பழைய யோகா புஸ்தகத்தை?

மூத்தவள்: பரணைச் சுத்தம் பண்ணேன். கிடைச்சுது. உன்னோடதாச்சேன்னு...

இளையவள்: என்னோடதா! நீங்கதான்க்கா கையை விட்டு இறக்கவே மாட்டீங்க.

மூத்தவள்: படிச்சது நான். செஞ்சது நீதானே?

இளையவள்: எப்படியோ, ஒன்பது வருஷம் கழிச்சு ஓரகத்தி வீட்டுக்கு வழி தெரிஞ்சுதே.

மூத்தவள்: வந்ததும் வராததுமா குத்திக் காட்டாத. உட்காரச் சொல்லுவியா, இப்படியே திரும்பட்டுமா?

இளையவள்: ஐயே, கோபத்தைப் பாரு! உட்காருங்க. அந்தத் துணியெல்லாம் தள்ளிக்கோங்க. கம்பெனில வெட்டி முடியாததை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துடறேன்.

மூத்தவள்: நாள் பூரா நின்னுக்கிட்டே துணி வெட்டினா முதுகு என்னத்துக்கு ஆகும்?

இளையவள்: நல்லாத்தான் இருக்கு. எல்லாம் நீங்க கண்டுபிடிச்ச ஆசனத்தோட புண்ணியம்.

மூத்தவள்: ஐயோ... அதை ஞாபகப்படுத்தாதடி!

இளையவள்: ஏன், சொல்லுவேன். ரெண்டு பக்கம் ஒட்டியிருந்தது தெரியாம, "குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கவும்"னு படிச்சீங்க. அடுத்த மூச்சுல, "இப்போது இரு கால்களையும் தலைக்குப் பின்னால் கொண்டு செல்லவும்"னீங்க.

மூத்தவள்: நீயும் கொண்டு போகப் பார்த்தியே!

இளையவள்: புஸ்தகத்துல இருக்கே! மூணு மாசம் முக்கினேன். இதை எழுதினவருக்கு எலும்பே கிடையாதோன்னு...

மூத்தவள்: சிரிக்க வைக்காத. மூச்சு வாங்குது... நான் என்னத்தைக் கண்டேன்? ஸ்டேஷன்ல குடுக்கிற பேப்பரை மைக்ல படிக்கிறது என் வேலை. ரயில் நிஜமாவே வருதான்னு எட்டியா பார்ப்பேன்?

இளையவள்: அந்தக் குரல்க்கா! "பயணிகளின் கனிவான கவனத்திற்கு"ங்கிற அதே குரல்ல, "வலது காலை மெதுவாக இறக்கவும்..." காலைல அஞ்சரை மணிக்கு, பின்னறையில, ஜன்னல் இன்னும் வெளுக்காம... கடைசியில "எல்லாவற்றையும் விட்டுவிடவும்"னு சொல்லுவீங்க பாருங்க, எனக்கு உடம்பு இருக்கிறதே தெரியாது. அவ்வளவு லேசா இருக்கும். அப்படி ஒரு அரை மணி நேரம் அதுக்கப்புறம் எனக்கு வாய்க்கவே இல்ல.

மூத்தவள்: இப்போ செய்யறதில்லையா?

இளையவள்: செல்போன்ல ஒரு பொண்ணு சொல்லுது. நான் இடது காலைத் தூக்கறதுக்குள்ள அது கும்பிடு போட்டுட்டுப் போயிடுது.

மூத்தவள்: அந்தக் கடைசியில படுக்கறது... சவாசனம். அதுல எப்படி நீ அசையாம கிடப்ப?

இளையவள்: சும்மாத்தான் கிடப்பேன். ஏன்?

மூத்தவள்: கண்ணை மூடிக்கிட்டு... எழுந்து ஓடணும்னு தோணாதா உனக்கு?

இளையவள்: சும்மா படுக்கறதுல ஓடறதுக்கு என்னக்கா இருக்கு?

மூத்தவள்: இல்ல, சும்மா கேட்டேன்.

இளையவள்: சும்மா கேட்கறவங்க ரெண்டு பஸ் மாற மாட்டாங்க. என்ன விஷயம்? மூஞ்சியே சரியில்ல.

மூத்தவள்: தலைக்கு ஸ்கேன் எடுக்கணுமாம். குழாய் மாதிரி ஒண்ணுக்குள்ள தள்ளுவாங்களே... நாப்பது நிமிஷம் அசையக் கூடாது.

இளையவள்: தலைக்கா? தலையில என்ன?

மூத்தவள்: கட்டி. நல்லதா கெட்டதான்னு படம் எடுத்தாத்தான் தெரியும். ரெண்டு தடவை போயாச்சு. உள்ள போனா மூச்சு முட்டுது. கையில ஒரு பந்து குடுப்பாங்க, பயந்தா அமுக்கச் சொல்லி. ரெண்டு தடவையும் அமுக்கிட்டேன்.

இளையவள்: மயக்க மருந்து குடுத்து எடுக்கச் சொல்றதுதானே?

மூத்தவள்: என் இதயம் தாங்காதாம். நாளைக்குக் காலைல திரும்ப வரச் சொல்லியிருக்காங்க. படம் இல்லாம கத்தியை எடுக்க மாட்டேன்னுட்டார் டாக்டர்.

இளையவள்: இதை மனசுல வச்சுக்கிட்டா பரண், புஸ்தகம்னு சுத்தி வளைச்சீங்க!

மூத்தவள்: உன்கிட்ட வந்து என்னன்னு கேட்பேன்? எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேட்பேன்?

இளையவள்: சரி, அழாதீங்க... உங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே. "கட்டை விரலைத் தளர்த்தவும், கணுக்காலைத் தளர்த்தவும்"... உள்ள போய் உங்களுக்கே சொல்லிக்கிட்டா?

மூத்தவள்: சொல்லிப் பார்த்தேன். வாய் சொல்லுது, உடம்பு கேட்க மாட்டேங்குது. ஊருக்குத்தான் உபதேசம். நான் ஒரு நாளாவது படுத்திருந்தாத்தானே?

இளையவள்: ஆமா... ஒண்ணா இருந்த பதினொரு வருஷமும் நீங்க கதவோரம் ஸ்டூல்லதான். வாங்கன்னு கூப்பிட்டா, "நீ படு"ன்னு விரட்டுவீங்க.

மூத்தவள்: அதைத்தானே வீட்டைப் பாகம் பிரிக்கும்போது நாலு பேர் முன்னாடி சொன்ன. பெரிய மருமக நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் பண்ணான்னு.

இளையவள்: நீங்க மட்டும் சும்மா இருந்தீங்களா? "இவளுக்கு உடம்புதான் வளையும், மனசு வளையாது"ன்னு...

மூத்தவள்: சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஒன்பது வருஷமா அது என்னை அரிச்சுக்கிட்டே இருக்கு.

இளையவள்: ...எழுந்திருங்க. இந்த விரிப்புல படுங்க.

மூத்தவள்: இப்பவா? வேண்டாம்டி, முழங்கால்...

இளையவள்: படுங்கன்னா! ம்... கையை அகட்டி வைங்க. உள்ளங்கை மேல பார்க்கட்டும். கழுத்து ஏன் இப்படி விறைச்சிருக்கு?

மூத்தவள்: அது அப்படித்தான்.

இளையவள்: தலையைக் கீழ விடுங்க. தரை எங்கயும் போயிடாது.

மூத்தவள்: விட முடியலயே! எப்போடா எழுந்திருப்போம்னே இருக்கு. அந்தக் குழாய்லயும் இதேதான். "டக்கு டக்கு"ன்னு ஒரு சத்தம் வரும் பாரு... அதைக் கேட்டாலே எழுந்து ஓடணும்னு உடம்பு பறக்குது.

இளையவள்: எங்க ஓடணும்?

மூத்தவள்: ...மாமாகிட்ட.

இளையவள்: மாமாவா! மாமனார் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆச்சேக்கா.

மூத்தவள்: உடம்புக்கு அது தெரியுதா? வாதம் வந்து பேச்சு போனப்புறம் ஸ்பூனால கட்டில் கம்பியைத் தட்டித்தானே கூப்பிடுவார். விடியற நேரத்துலதான் துணி நனையும். நீ அப்போ கைக்குழந்தைக்காரி, ராத்திரி பூரா தூக்கம் கிடையாது. ரெண்டு பேரும் படுத்துட்டா, சின்னவளாச்சேன்னு நீதான் முதல்ல எழுந்து ஓடுவ. ஒருத்தியாவது முழுசாப் படுக்கட்டும்னு நான் கதவோரம் உட்கார்ந்தேன். ஒரு காது எப்பவும் கட்டில் பக்கம். அப்புறம் அதுவே பழகிடுச்சு.

இளையவள்: அந்தச் சத்தம் எனக்கும் கேட்கும்க்கா. தினமும் கேட்கும். நீங்க பாதியில நிறுத்திட்டு எழுந்து போவீங்க, துணி மாத்திட்டு வந்து விட்ட இடத்துல இருந்து படிப்பீங்க, எல்லாம் தெரியும். கண்ணைத் திறந்தா நானும் வரணுமேன்னு தூங்கற மாதிரியே கிடந்தேன். அந்த வெட்கத்துலதான் அன்னைக்கு நாலு பேர் முன்னாடி உங்களைப் பேசினேன்... எழுந்திருக்காதீங்க. படுங்க. நாளைக்கு நானும் வரேன். அந்தக் குழாய் எவ்வளவு தட்டினாலும் தட்டட்டும், இந்தத் தடவை நான் போய்ப் பார்த்துக்கறேன்.