வெறும் வயிற்றில் விழுங்கிய நான்கு மாத்திரைகள்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே! வயல் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் வலங்கைமான் வட்டாரப் பெரியோர்களே! மடியில் குழந்தையும் மனத்தில் கவலையுமாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! வளைகுடாவுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு டெலிபோன் மணிக்குக் காத்திருக்கும் பெற்றோர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் அடைக்கலசாமியின் அன்பு வணக்கம்.

நான் குவைத்தில் ஏழு ஆண்டு கிரேன் ஓட்டியவன். ஐம்பதடி உயரத்தில் இரும்பைத் தூக்கி நிறுத்தியவன். அந்த நான், ஒரு பேருந்து இருக்கையில் உட்கார முடியாமல் சரிந்து விழுந்த கதையைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு விடுப்பில் வந்தேன். அதற்கு ஓராண்டு முன்பே எனக்குச் சர்க்கரை நோய். யாருக்குத் தெரியும்? எவருக்கும் தெரியாது! மாத்திரைகளைச் சென்ட் பாட்டில் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். என் மனைவி விண்ணரசி அன்பாய் அள்ளி வைத்த சோற்றை, மூன்று வேளையும் மறுக்காமல் உண்டேன். பாதம் மரத்தது, மறைத்தேன். பார்வை மங்கியது, மறைத்தேன்.

மீண்டும் விமானம் ஏற மருத்துவச் சோதனை வேண்டும். சர்க்கரை தெரிந்தால் விசா போய்விடும். என்ன செய்தேன் தெரியுமா? முதல் நாள் முழுக்கப் பட்டினி. மறுநாள் காலை, ஒரு மாத்திரை போட வேண்டிய நான் நான்கு மாத்திரை விழுங்கினேன். நீடாமங்கலத்தில் தஞ்சாவூர்ப் பேருந்தில் ஏறினேன்.

அம்மாப்பேட்டை வருவதற்குள் சட்டை நனைந்தது. கை நடுங்கியது. கண்டக்டர் கேட்டதற்கு ஏதேதோ உளறினேன். பக்கத்தில் இருந்தவர் முகம் சுளித்தார்.

"காலங்காத்தாலேயே தண்ணி போட்டிருக்கான். எறக்கி விடுங்க சார்!"

கண்டக்டர் விசில் ஊதினார். பேருந்து நின்றது. இருவர் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் குடிக்கவில்லை என்று சொல்ல நினைக்கிறேன், நாக்கு புரளவில்லை! என்னை இறக்கியிருந்தால் யார் பார்த்திருப்பார்கள்? எந்த வாய்க்கால் கரையில் கிடந்திருப்பேன்?

அப்போது பின் இருக்கையிலிருந்து ஒரு பெண் எழுந்து ஓடி வந்தார். நாகப்பட்டினத்தில் மீன் விற்கும் மலர்கொடி என்று பிறகுதான் தெரிந்தது.

"அவரை வுடுங்க! குடிச்சிருந்தா வாடை அடிக்காதா? எம் புருசன் மீன்புடி போட்டுல இப்படித்தான் சாஞ்சாரு. இது சக்கரை கொறஞ்சு வர்றது."

என் கன்னத்தைத் தட்டினார். "அண்ணே, என்னைப் பாருங்க. முழுங்க முடியுதா?" தலையசைத்தேன். தன் கணவருக்காகப் பையில் வைத்திருந்த சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து மெல்ல மெல்லப் புகட்டினார். கால்மணி நேரத்தில் கண் தெளிந்தது. நான்கு மாத்திரை விழுங்கியதை அவரிடம் சொன்னேன்.

"நல்லாயிட்டேன்மா, விசாவுக்கு மெடிக்கல் டெஸ்டுக்குப் போகணும்" என்றேன்.

"எங்கயும் போவக் கூடாது. முழுங்குன மாத்திரை இன்னும் வயித்துலதானே இருக்கு? மறுபடியும் சாய்ச்சிடும். நேரா ஆஸ்பத்திரி!"

மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அன்று மாலையே மறுபடி சர்க்கரை இறங்கியது! அந்த அம்மாள் சொன்னதைக் கேட்காமல் போயிருந்தால், இந்த மேடை ஏது, இந்த மைக் ஏது?

விண்ணரசி வந்தாள். அழவில்லை. "ஏங்க எங்கிட்ட சொல்லல? சொல்லியிருந்தா ஊரைக் கூட்டியா ஒப்பாரி வச்சிருப்பேன்? சோத்தைக் கொறைச்சு வச்சிருப்பேனே!" என்றாள். ஏழாண்டு பிரிந்திருந்தபோதுகூட அவ்வளவு தூரத்தில் அவளை நான் உணர்ந்ததில்லை.

என்ன ஐயா கேட்கிறீர்கள்? நெல் விளையும் மண்ணில் சோறு இல்லாமல் எப்படி என்றா? டாக்டரம்மாவிடம் நானும் அதைத்தான் கேட்டேன்! "சோத்தை விடச் சொல்லலைங்க. அளவாச் சாப்பிடுங்க. தட்டுல பாதி காயும் கீரையும் இருக்கட்டும். தினம் நடங்க. மாத்திரையை நீங்களா கூட்டவும் வேணாம், நிறுத்தவும் வேணாம்" என்றார்.

எட்டு மாதம் அப்படியே நடந்தேன். சர்க்கரை கட்டுக்குள் வந்தது. பிறகு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ஸியில் உண்மையைச் சொன்னேன். வேலை கிடைக்கவில்லை. வலிக்கவில்லையா? வலித்தது! ஆனால் இன்று அறுவடை இயந்திரம் ஓட்டுகிறேன். பாதத்தின் மரமரப்பு முழுதாய்ப் போகவில்லை, பார்வை மட்டும் தப்பியது.

அன்பர்களே! சர்க்கரை நோய் குற்றமா? குடும்பத்துக்கு இழுக்கா? இல்லை! மறைப்பதுதான் மரணத்துக்கு வழி. மறைத்து மறைத்து விரலை இழந்தவர் எத்தனை பேர்? காலை இழந்தவர் எத்தனை பேர்? உங்கள் சட்டைப் பையில், சேலை மடிப்பில், பெட்டியின் அடியில் ஒளிந்திருக்கும் மாத்திரையை இன்று வெளியே எடுங்கள். வீட்டில் சொல்லுங்கள். மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பந்தலின் ஓரத்தில் இரத்தப் பரிசோதனை மேசை போட்டிருக்கிறார்கள். இறங்கியதும் முதல் ஆளாய் என் விரலை நீட்டப் போகிறேன். எனக்குப் பின்னால் யார் வருகிறீர்கள்?

அதோ, அந்த அண்ணன் எழுந்துவிட்டார்! வாங்க அண்ணே, வாங்க! பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றியும் வணக்கமும்.