சூடான எஞ்சின்

டீசல் வண்டியைக் குளிரில் கிளப்புவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. முந்தின சாயங்காலமே அதற்குரிய வேலையை முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். விடிந்த பிறகு வந்து கைப்பிடியைச் செருகிச் சுற்றிக்கொண்டு நிற்பவன் முட்டாள்.

வீரணன் எப்படிச் செத்தார் என்று கேட்டீர்கள் ஐயா. நான் வண்டியிலிருந்து தொடங்குகிறேன். வண்டியைப் புரிந்துகொள்ளாமல் மற்றதைக் கேட்டால் நான் ஏதோ ஆத்திரத்தில் செய்தது போலத் தெரியும். எனக்கு ஆத்திரம் வருவதில்லை.

என் பெயர் அழகுசுந்தரம். மானகிரி. காரைக்குடியில் பி.யு.சி. பாதியில் விட்டேன். பிறகு மூன்று வருஷம் நூல் மில்லில் ராத்திரி ஷிப்ட். இயந்திரம் நின்றால் யாரும் இயந்திரத்தைத் திட்டுவதில்லை, பக்கத்தில் நிற்பவனைத்தான் திட்டுவார்கள் என்பதை அங்கே கற்றுக்கொண்டேன். அந்த வேலையையும் விட்டேன். போன தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை.

1966இல் காரைக்குடி செக்காலையில் கண்ணம்மை ஆச்சியிடம் வேன் கிளீனராகச் சேர்ந்தேன். கல்யாண வீடுகளுக்கு மலைக் காய்கறி கொடுப்பது ஆச்சியின் தொழில். கொடைக்கானலுக்கு மேலே தோட்டம் எடுத்திருந்தார். வேன் ஒருநாள் மலை ஏறும். மறுநாள் விடியுமுன் கோசும் காரட்டும் பீன்சும் ஏற்றிக்கொண்டு இறங்கும். மத்தியானம் காரைக்குடியில் காய் நறுக்குகிறவர்கள் அரிவாள்மனையோடு காத்திருப்பார்கள். காய் வராவிட்டால் பெண் வீட்டார் சம்பந்திகள் முன்னால் தலைகுனிய வேண்டும். வண்டி கிளம்பவில்லை என்பதைச் செட்டிநாட்டில் ஒரு காரணமாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

மலைமேல் மார்கழியிலும் தையிலும் புல் வெள்ளையாகக் கிடக்கும். தொட்டால் நொறுங்கும். நம் ஊர்க்காரர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. அந்தக் குளிரில் டீசல் மெழுகு மாதிரி கெட்டியாகும், எஞ்சின் ஆயில் பாகு மாதிரி ஆகும், பேட்டரி பாதிச் செத்துவிடும். அதனால் நான் மலையில் தங்குகிற நாளெல்லாம் சாயங்காலம் ஆயிலைத் தகர டின்னில் வடித்துக்கொள்வேன். ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்துவிடுவேன். பேட்டரியைக் கழற்றி, நாங்கள் படுக்கும் தோட்டக் காவல்காரர் குடிசையில் என் கால்மாட்டில் வைப்பேன். டீசலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலப்பேன். வண்டியைச் சரிவு பார்த்துக் கொட்டகைக்குள் நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் கும்மட்டி அடுப்பில் கரி போட்டு மூட்டி வைப்பேன். காலையில் ஆயிலை அடுப்பில் சூடேற்றி ஊற்றி, ரேடியேட்டரில் வெந்நீர் விட்டு, பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினால் ஒரே அடி. ஐந்து குளிர்காலம், ஒருநாள் தவறியதில்லை.

ஒருமுறை சூடேறிவிட்டால் அப்புறம் கவலையே இல்லை. கால்மணி நேரம் ஓடின டீசல் எஞ்சினை எங்கே நிறுத்தினாலும் சாவியைத் தொட்டதும் கிளம்பும். இதை வீரணனிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவர் டீக்கடையில் இறங்கினால்கூட எஞ்சினை ஓடவிட்டுவிட்டுத்தான் இறங்குவார்.

“நிப்பாட்டுங்கண்ணே. டீசலை வீணாக்குறீக,” என்பேன்.

“நிப்பாட்டி, திரும்பக் கிளம்பலேன்னா? உங்க காலேசுல வந்து தள்ளுவாகளா?” என்பார். டீக்கடையில் எல்லோரும் சிரிப்பார்கள்.

போன கார்த்திகையில்தான் அவர் வேலைக்கு வந்தார். பழைய டிரைவர் கண் தெரியவில்லை என்று நின்றுகொண்டார். என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, அந்த வண்டியின் ஒவ்வொரு திருகாணியும் எனக்குத் தெரியும், ஸ்டியரிங் எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். ஆச்சி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “உனக்குத் தூங்காத கண்ணு தம்பி. மலை ரோட்டுக்கு ஆகாது. நீ எஞ்சினப் பாரு,” என்றார்.

சரி என்றேன். ஆச்சி சொன்னதில் தப்பில்லை.

வீரணன் நன்றாக ஓட்டுவார். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குளிர் என்றால் பயம். தலையில் துண்டு, அதற்குமேல் சாக்கு, பல் தந்தியடிக்கும். பயத்தை மறைக்க வாய் பேசுவார். நான் கும்மட்டியோடு எஞ்சினுக்கு அடியில் குனியும்போதெல்லாம், “என்னப்பா காலேசு, சாமிக்குத் தூபம் போட்டாச்சா? இன்னிக்கி வாக்குச் சொல்லுதா?” என்று கேட்பார். என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை.

தை இரண்டாம் தேதி எனக்குக் காய்ச்சல். குடிசையில் படுத்திருந்தேன். வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுபோய், மற்ற வேலைகளை முடித்துவிடச் சொன்னேன். அவர் டீக்கடை பக்கத்தில் சமதரையில் விட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டார். ஆயிலை வடிக்கவில்லை, பேட்டரியைக் கழற்றவில்லை. மறுநாள் காலை வண்டி ஒரு முனகல் முனகி நின்றது. ஒன்பதரைக்குத்தான் கிளம்பியது. நாட்டரசன்கோட்டைக் கல்யாண வீட்டுக்குக் காய் போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள்.

ஆச்சியிடம் வீரணன் சொன்னது இவ்வளவுதான்: “காலேசு கும்மட்டி போட மறந்துட்டான் ஆச்சி. பாவம், சின்னப் பய.”

நான் அங்கேதான் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். ஆச்சி கேட்டுக்கொள்ளவில்லை. சம்பந்தி வீட்டு ஆட்கள் வாசலில் வந்து பேசிவிட்டுப் போன கோபம். “தை முடியட்டும் தம்பி. அப்புறம் நீ ஊரோட இருந்துக்க. வண்டி உனக்கு வேணாம்,” என்றார்.

ஐந்து குளிர்காலம் ஒருநாள் தவறவில்லை என்றேனே, அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா? தை முடிய இருபத்தேழு நாள் இருந்தது. அதற்குப் பிறகு நான் எங்கே போவேன் என்று எனக்குத் தெரியவில்லை. வேறு எதுவும் எனக்குச் செய்யத் தெரியாது.

அதற்கடுத்த வாரம் வீரணன் குடிசையை விட்டுக் கொட்டகையில் படுக்க ஆரம்பித்தார். “வண்டிக்கு மட்டும் சூடு, மனுசனுக்கு இல்லையா? நல்லா இருக்குப்பா உங்க ஞாயம்,” என்று கும்மட்டிக்குப் பக்கத்தில் பாயை விரித்தார்.

கரியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதில் புகை வராது, நாற்றம் வராது. அதுதான் அதில் உள்ள விஷயம். முதல் வருஷம் நானும் கொட்டகையை நன்றாகச் சாத்திக்கொண்டு படுத்தேன். எதற்கோ முழிப்பு வந்தது. தலை இரண்டாகப் பிளந்தது, கால் எழவில்லை. தவழ்ந்து வெளியே வந்து வாந்தி எடுத்தேன். காவல்காரர் முத்துக்கருப்பன்தான் காரணம் சொன்னார். மூடின இடத்தில் கரி எரிந்தால் ஆள் தூக்கத்திலேயே போய்விடுவானாம். அன்றைக்கே கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் ஒரு முழத்துக்குத் தகரத்தை வெட்டிச் சந்து விட்டேன். அதன்பிறகு அங்கே நான் படுக்கவில்லை.

வீரணன் முதல் நாளே அந்தச் சந்தைக் காட்டி, “இங்குட்டுக் காத்து ஊசி மாதிரி வருது. அடைச்சு விடுப்பா,” என்றார்.

“அடைச்சா மூச்சு முட்டும்ணே.”

“உனக்கு முட்டும். படிச்ச மூச்சு.”

மூன்று நாள் கேட்டார், மூன்று நாளும் மறுத்தேன். இதற்கு முத்துக்கருப்பன் சாட்சி. குளிருக்குப் பயந்தவன் காற்றுக்கும் பயப்படுவான். நம் ஊர் ஆட்கள் எல்லோருக்கும் இந்தப் புத்திதான். குளிர் என்றால் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைப்பார்கள்.

நாலாம் நாள் அவர் கேட்கவில்லை. நானாக அடைத்தேன். கோணிச் சாக்கை நனைத்து அடைத்தேன். காய்ந்த சாக்கு காற்றை விடும். அவர் பாயில் உட்கார்ந்து பீடி பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். “இப்பத்தாண்டா உனக்குப் புத்தி வந்திருக்கு,” என்றார். வழக்கமாக ஒரு படி கரி போடுவேன். அன்று மூன்று படி போட்டேன். அன்று குளிர் அதிகம். கதவைச் சாத்தினேன். பூட்டவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ராத்திரி முழுக்கக் குடிசையில் விழித்துத்தான் இருந்தேன். அவர் கதவைத் திறந்துகொண்டு வந்திருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.

நாலரைக்கு ஆயிலும் வெந்நீரும் பேட்டரியுமாக நானும் முத்துக்கருப்பனும் கொட்டகைக்குப் போனோம். “நேத்தைய விட இன்னிக்கிக் குளிரு கம்மிதான், இல்ல?” என்றார் அவர். கதவைத் திறந்து கொஞ்ச நேரம் வெளியில் நின்றேன். பிறகு உள்ளே போய் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல சூடு. அந்தச் சூடு அதற்கு முன்னால் ஒருநாளும் கிடைத்ததில்லை.

முத்துக்கருப்பன்தான் பாயைப் பார்த்தார். “அடப் பாவி, கன்னம் செவந்து கெடக்கே. சந்தை எவன் அடைச்சது?”

“அவருதான் அடைக்கச் சொன்னாரு.”

அவர் குனிந்து மூக்கில் விரலை வைத்தார். “மூச்சு இருக்கு. தூக்கு, தூக்கு. வண்டியில போட்டு ஆசுபத்திரிக்கு விடு. அஞ்சு நிமிசம்தானே.”

இருவரும் தூக்கினோம். காய் மூட்டைகள் முந்தின சாயங்காலமே ஏற்றி இருந்தன. கோசு மூட்டைக்கும் கதவுக்கும் நடுவில் இடம் செய்து படுக்க வைத்தோம். முத்துக்கருப்பன் தன் கம்பளியைப் போர்த்திவிட்டார். “நானும் வரட்டா?” என்று கேட்டார். தோட்டத்தில் ஆள் வேண்டும் என்றேன். பின்கதவை வெளியே கொண்டி போட்டேன். வளைவில் கதவு திறந்துகொள்ளக் கூடாது.

ஆயிலையும் வெந்நீரையும் ஊற்றி, பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். ஒரே அடி.

அன்றைக்கு முதல்தடவையாக நான் அந்த வண்டியை மலையிலிருந்து இறக்கினேன். ஆச்சி நினைத்தது சரியில்லை. தூங்காத கண்ணுக்கு மலை ரோடு ஒன்றும் செய்யாது. ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற இடம் ஐந்தாவது நிமிஷத்தில் வந்தது. கடந்தேன். பெருமாள்மலை வளைவில் பின்னால் தகரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. காலால் தட்டியிருப்பார் என்று நினைக்கிறேன், கீழேயிருந்துதான் வந்தது. ஒரே சீராக இல்லை. மூன்று தட்டு, பிறகு ஒன்றுமில்லை, பிறகு இரண்டு. வத்தலக்குண்டு தாண்டும்வரை அப்படித்தான். அங்கே ரோட்டுமேலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. திண்ணையில் ஒரு நர்சு உட்கார்ந்து தலை ஆற்றிக்கொண்டிருந்தது. நிலக்கோட்டைக்கு அப்புறம் சத்தம் குறைந்தது. மதுரைக்குள் நுழையும்போது ஒன்றும் கேட்கவில்லை.

பன்னிரண்டே காலுக்குச் செக்காலையில் கல்யாண வீட்டு வாசலில் வண்டியை விட்டேன். ஆச்சி நின்றிருந்தார். “நேரத்துக்குக் கொண்டாந்துட்டியே தம்பி,” என்றார். பிறகு, “நீயா ஓட்டியாந்தே? வீரணன் எங்க?” என்று கேட்டார். பின்னால் இருக்கிறார் என்றேன். கதவைத் திறந்ததும் ஆச்சி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். கம்பளியோடு வீரணனைத் தெருவில் இறக்கிவிட்டு நான் மூட்டைகளை இறக்கினேன். யாரும் உதவிக்கு வரவில்லை. ஒரு காய் நசுங்கவில்லை.

சாக்கு வைத்தது நான். கரியை அள்ளிப் போட்டது நான். அதில் அவர் செத்துப்போவார் என்று எனக்குத் தெரியும். இதை நான் மறைக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நீங்கள் மூன்றாம் தடவையாக ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். மூன்று ஊரில் ஆஸ்பத்திரி இருந்ததே, உயிர் இருந்ததே, ஓர் இடத்தில்கூட ஏன் நிறுத்தவில்லை என்று. அதற்கும் ராத்திரி செய்ததற்கும் சம்பந்தமில்லை ஐயா. அந்த விஷயத்தில் என்மேல் குற்றம் சொல்ல முடியாது. மதுரையில் வெயில் சுள்ளென்று அடித்தது, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் அது தை மாதம். டீசல் வண்டி. நிறுத்தியிருந்தால் திரும்பக் கிளம்பியிருக்காது.