காட்மியம் இல்லாத பெட்டி

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறியில் பேரிங் போய்விட்டது சார். வந்து உட்கார்ந்ததுமே காதில் விழுந்தது. இப்போதே யாரையாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் பெயர் தமிழ்மாறன். கிண்டி தொழிற்பேட்டையில், பாடுகிறவர்களின் குரலின் ஏற்ற இறக்கத்தை அடக்கிச் சீராக்கித் தரும் பெட்டி செய்கிறேன். தி. நகர், அடையாறு பக்கம் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருப்பவர்கள் என் காதை நம்பித்தான் மைக்கே வாங்குவார்கள். பெட்டிக்குள் துவரம்பருப்பு அளவில் ஒரு வில்லை இருக்கும். எல்.டி.ஆர். என்போம். குரல் உயர்ந்தால் உள்ளே ஒரு விளக்கு பளிச்சென்று எரியும். அந்த வெளிச்சம் பட்டதும் வில்லையின் மின்தடை குறையும், ஒலி அடங்கும். வில்லையின் முகத்தில் பூசியிருப்பது காட்மியம். அது நஞ்சு. அது இல்லாமல் செய்தால்தான் வாங்குவேன் என்று ஜெர்மனிக்காரர் சொல்லிவிட்டார்.

மாற்று கண்டுபிடித்தது வஜீஹா, என்னிடம் வேலை பார்த்த பொறியாளர். பழைய வில்லைக்கு ஒரு சோம்பல் உண்டு. வெளிச்சம் போன பிறகும் சற்று மயங்கிக் கிடந்துதான் விழிக்கும். பாட்டுக்கு அழகே அதுதான். எட்டு மாதம் மல்லுக்கட்டி, சிலிக்கானில் அந்தச் சோம்பலையும் கொண்டுவந்துவிட்டாள்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. அடையாற்றில் ஒரு கூடத்தில், ஆறு பேர் முன்னால், திரைக்குப் பின்னால் இரண்டு பெட்டிகளை வைத்துக் கேட்டோம். "மொதல்ல ஓடினதுதான் பழசு. மூச்சு விடுது பாருங்க" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எது எதுவென்று வஜீஹாவுக்கு மட்டும்தான் தெரியும். படியிறங்கும்போதுதான் சொன்னாள்: "அண்ணா, நீங்க எடுத்தது புதுசு. உங்க காதுக்கே தெரியலன்னா நாம ஜெயிச்சிட்டோம்." சந்தோஷத்தில் அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அந்த வெட்கம் இன்றுவரை போகவில்லை சார்.

அந்த மாதமே அவளை வேலையைவிட்டு அனுப்பினேன். அவள் செய்த பெட்டியை ஜெர்மனிக்கு மாதிரியாக அனுப்பினேன், சோதனையில் தேறியது. அதன் பிறகு போன பெட்டிகளில் எல்லாம் பழைய வில்லையை வைத்து, மேலே 'காட்மியம் இல்லாதது' என்று ஒட்டினேன். புதியதை வைத்தால் என் காது பொய் என்று நானே ஒத்துக்கொண்டதாக ஆகும்.

ஒரே சிக்கல்தான். பெட்டி அந்த மாதிரியைப் போலவே இருக்க வேண்டும், ஆனால் விளக்கையும் வில்லையையும் வைக்க வஜீஹா செய்திருந்த சிறிய குழாய்க்குள் பழைய வில்லை நுழையவில்லை. அதன் ஓரத்தை உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். அதற்குத் தேவானையை வைத்தேன். ஆற்றோரக் குடிசைகளை எடுத்தபோது பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவள். இரண்டு பஸ் மாறி வருவாள். காற்றில் வில்லை சிதறக்கூடாது என்று ஜன்னலை அவளே சாத்திக்கொள்வாள். நல்ல வேலைக்காரி.

"இன்னா சார் இது, கையெல்லாம் மஞ்சளா கீது, கழுவினாலும் போவ மாட்டேங்குது" என்று ஒருநாள் காட்டினாள்.

"சாயந்தான், ஒண்ணும் பண்ணாது" என்றேன்.

காட்மியத் தூளை மூச்சில் இழுக்கக்கூடாது, சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்காது என்று வஜீஹா எப்போதோ சொல்லியிருந்தாள். மறக்கவில்லை. அந்த மேஜைப் பக்கம் போகும்போது நான் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்வேன். மிச்ச வில்லைகளைத் தேவானை சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போய்த் தேய்த்ததும் தெரியும். வேறு டப்பா கொண்டுவரச் சொல்லலாம் என்று பலமுறை நினைத்தேன். ஏன் என்று கேட்பாள், அதனால் விட்டுவிட்டேன்.

நான்கு வருடம் இப்படிப் போயிற்று. போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனேன். முகம் ஊதிப்போய்க் கிடந்தாள். "ரெண்டு வாரத்துல வந்துர்றேன் சார். வேற ஆள வெச்சுக்காத" என்றாள். வைக்க மாட்டேன் என்றேன். அன்று காலையில்தான் ஒருத்தியை வைத்துவிட்டு வந்திருந்தேன். பதினோராம் நாள் தேவானை இறந்துபோனாள்.

வஜீஹா உங்களிடம் கொடுத்த புகாரில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. தேவானையைப் பற்றி நான் சொன்னது அத்தனையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அடையாற்றில் நான் தப்பாகச் சொன்னதை மட்டும் விட்டுவிடுங்கள் சார். நாளைக்கு ஜெயிலைவிட்டு வெளியே வந்தால், நாலு பேர் முகத்தில் நான் விழிக்க வேண்டும்.