தகட்டில் இறுக்கிய போல்ட்டு

— பாருங்க அண்ணி, நேத்து சாயங்காலம் தகட்டுல இறுக்கின போல்ட்டு. இன்னும் கிண்ணுனு நிக்குது. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?

— ஒண்ணும் வேண்டாம் நச்சத்தர். அந்த டீயை இப்படித் தள்ளு. அம்பாலாவுலேர்ந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன், இடுப்பு விட்டுப்போச்சு. வந்து பாத்தா ஆசிட் தொட்டி பாதியா கெடக்கு.

— வேலை ஓடுச்சு. குறைஞ்சிருக்கும்.

— நான் இல்லாதப்போ ஓடினது ஒரே சரக்கு. மேளாத் திருவிழா ராட்டினத்து போல்ட்டு. எத்தனை தடவை ஆசிட்ல போட்ட?

— ஒரு தடவைதான்.

— நச்சத்தர்.

— ரெண்டு. முதல்ல முலாம் திட்டுத்திட்டா வந்துச்சு. அப்படியே குடுத்தா லுதியானா பூரா சிரிக்கும். ஆசிட்ல உரிச்சுட்டு மறுபடி போட்டேன். அதான் சொல்றேன்ல, இது புது ஸ்டீலு. ஆசிட்லேர்ந்து ஏறுற ஹைட்ரஜனை உள்ளயே பிடிச்சு வெச்சுக்கும், நகர விடாதுன்னு சொல்லித்தானே ஆலைக்காரன் வித்தான்?

— பிடிச்சு வெக்க இடம் இருக்கற வரைக்கும். நான் வந்த பஸ்ஸு மாதிரிதான். சீட்டு கெடச்சவன் பேசாம உக்காந்திருந்தான். முதல் ஆசிட்லயே உன் ஸ்டீலுல சீட்டெல்லாம் ரொம்பியிருக்கும். ரெண்டாவது தடவை ஏறினது நின்னுக்கிட்டு வரும். எங்க இறுக்கமோ அங்க போய் முண்டும். அங்கதான் ஸ்டீலு விரிசல் விடும்.

— அதுக்குத்தானே ஓவன்ல வெச்சு சுடறோம்? நிக்கறது இறங்கிரும்.

— முழு நேரமும் சுட்டியா?

— பாதியில கரண்டு போச்சு அண்ணி. மேளாக்காரன் லாரியை வாசல்ல நிறுத்திக்கிட்டு ஹாரன் அடிக்கறான். நான் ஒத்தை ஆளு, என்ன பண்றது?

— அனுப்பிட்டு அப்புறம் தகட்டுல இறுக்கியிருக்க. அவனுக்குப் போன் போட்டுச் சொல்லிரலாம்.

— சொன்னா ராட்டினத்தைப் பிரிக்கமாட்டான், நம்மளைப் பிரிச்சு மேஞ்சிருவான். அப்புறம் எவன் நம்மகிட்ட சரக்கு தருவான்? அண்ணன் வெச்ச பட்டறை இது. அவர் வெச்ச வழக்கம்தானே, சரக்குல ஒண்ணை எடுத்துத் தகட்டுல இறுக்கி, விடிஞ்சதும் உடைஞ்சிருக்கான்னு பாக்கறது? நிக்குது அண்ணி. நீங்களே கண்ணால பாக்கறீங்க.

— பாக்கறேன். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லடா. அவர் போனதுலேர்ந்து இந்தத் தகட்டைத்தான் நம்பிக்கிட்டிருக்கேன். நிக்குதுன்னா சரி.

— வீட்டுக்குப் போய்ப் படுங்க அண்ணி.

— வீட்டுல யாரு இருக்கா? ராட்டினம் இன்னிக்கு சாயங்காலம் சுத்துதாமே. கடைசியா உன் அண்ணன்கூட ஏறினது. அவ்வளவு பெரிய ஆம்பளை, மேல போனதும் என் கையைப் பிடிச்சுக்குவாரு. ஒரு தடவை ஏறிட்டு வரேன்.

— கூட்டமா இருக்கும். வேணாம்.

— இருந்துட்டுப் போகட்டும். நம்ம போல்ட்டுல நாமளே ஏறலேன்னா எப்படி? அந்த துப்பட்டாவை எடு, ஆணியில தொங்குது பாரு.

— அண்ணி, கொஞ்சம் உக்காருங்க.

— ஏன்டா, முகம் இப்படி வேர்த்திருக்கு?

— மேளாக்காரனுக்குப் போன் போடுங்க. தகட்டுல நிக்கறது போன மாசத்து போல்ட்டு. நேத்து இறுக்கினது, காலையில நான் கதவைத் திறக்கறப்பவே தலை தெறிச்சுக் கீழ கெடந்துச்சு.