கனேலோ வாயில வச்ச முட்டை

இல்ல தம்பி, எங்க வீட்ல நாய் இல்ல. கோழிதான், பதினோரு பெட்டை, ஒரு சேவல். கோழிக்கெல்லாம் நீங்க இந்த வெறிநாய் ஊசி போட மாட்டீங்கல்ல. அப்போ நிக்கொலாசான்னு எம் பேரப் போட்டு, வீட்ல நாய் இல்லைன்னு எழுதிக்கங்க. உக்காருங்க. அந்த ஐஸ் பெட்டிய நெழல்ல வைங்க. இந்த வெயில்ல மேடேறி வந்திருக்கீங்க, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க.

கையில கட்டா? ஒண்ணுமில்ல. ரொட்டி சுடுற கல்லு பட்டுருச்சு.

பக்கத்து வீட்டுக்குத்தானே, போலாம், என்ன அவசரம். அபுந்தியோ அண்ணன் சோளக்காட்ல இருப்பாரு, மத்தியானம்தான் வருவாரு. ஆமா, அவர்கிட்ட நாய் இருக்கு. போன வருஷம் உங்க ஆளுக வந்தப்போ இல்லைன்னு பொய் சொன்னது நாந்தான். ஊசி போட்டா நாய்க்கு மோப்பம் போயிரும்னு அவருக்கு ஒரு நெனப்பு. சொல்லிராதம்மான்னாரு. எப்படி மாட்டேங்கிறது? எம் மக ஒபேலியாவுக்கு ஞானத்தகப்பன் அவரு. மாதா கோயில்ல ஞானஸ்நானத்தப்போ புள்ளையக் கையில வாங்கினவரு. எங்க பக்கம் அப்படி ஆயிட்டா கூடப் பொறந்தவரவிட ஒசத்தி. அவரோட குரல ஒசத்திப் பேசுனாலே பாவம்.

அதனாலதான் என் வாய் கட்டிப்போச்சு. நாய் பேரு கனேலோ. செவலை. காலையில எங்க வேலிய நுழைஞ்சு வந்து, கூடையில ஒவ்வொரு முட்டையா ஒடச்சு நக்கிட்டுப் போயிரும். ஒரு நா அடைகாத்த கோழியவே கழுத்தப் புடிச்சு இழுத்துப் போட்டுது. அண்ணன்கிட்ட போயி என்னன்னு சொல்றது? போன மழைக்கு கோடிவீட்டு ரெமிஹியோ அது மேல ஒரு கல்லு விட்டான்னு, வெட்டுக்கத்திய எடுத்துக்கிட்டுப் போயி அவன் வாசல்ல நின்னாரு மனுசன். பெஞ்சாதி போனப்பறம் அவருக்கு அந்த நாய் மட்டுந்தான்.

சிரிக்காதீங்க தம்பி. நீங்க டவுன்ல இருக்கீங்க.

எங்க ஊர்ல முட்டை திங்கிற நாய்க்கு எல்லாரும் செய்யறதுதான். முட்டைய நல்லா வேகவச்சு, கொதிக்கக் கொதிக்க எடுத்து அது வாயில திணிச்சு, தாடைய ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சிரணும். பத்து எண்ணுற வரைக்கும். அப்பறம் அது சென்மத்துக்கும் முட்டைய மோந்து பாக்காது. எங்கம்மா செஞ்சா, நானும் செஞ்சேன். போன சனிக்கிழமைக்கு முந்தின சனி. ரொட்டித் துண்டக் காட்டிக் கூப்ட்டேன், வாலாட்டிக்கிட்டே வந்துச்சு. பாவம், அதுக்கென்ன தெரியும். பத்து வரைக்கும் எண்ண முடியல, ஏழுலயே உதறிக்கிட்டு ஓடிருச்சு.

அன்னையிலருந்து பயந்துக்கிட்டுத்தான் கெடக்கேன். வாய் வெந்தத அண்ணன் பாத்துட்டா என்ன பண்றதுன்னு. ஆனா மறுநாளே அது நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. வேலியோரம் வந்து நின்னுச்சு, எலும்பு கூடத் தின்னுச்சு. நாலு நாள் கழிச்சுத்தான் எச்சில் வடிய ஆரம்பிச்சது. கயிறு மாதிரி தொங்குது. வாய மூட முடியல. சூடு பட்டது நாலு நாள் கழிச்சா புடிக்கும்? நீங்க படிச்சவுக, சொல்லுங்க.

ஏன் காப்பியக் கீழ வச்சிட்டீங்க?

தண்ணியா? குடிக்கல. தொண்டையில ஏதோ மாட்டுன மாதிரி இருமுது. குரல் மாறிப்போச்சு, கொரைக்கிறது ஊளை மாதிரி முடியுது. நேத்து என் வெள்ளைப் பெட்டை வேலிய நுழைஞ்சு போயி அது மூக்குக்கு முன்னாடியே கெளறிக்கிட்டு நின்னுச்சு. கனேலோ திரும்பிக்கூடப் பாக்கல. ரெண்டு வருஷமா எங்கோழிய விட்டுவைக்காத நாய், தம்பி. அதப் பாத்தப்பத்தான் எனக்கு சந்தேகம் வந்துச்சு. வெந்த வாய்னா கோழியத் திங்காது, சரி. பாக்கக்கூடவா பாக்காது?

உக்காருங்க, எந்திரிக்காதீங்க. முழுசாச் சொல்லிர்றேன்.

அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது. தொண்டையில எலும்பு குத்திருச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. மத்தியானம் வந்ததும் அது தலைய மடியில வச்சுக்கிட்டு, வெரல உள்ள விட்டு எலும்பத் தேடுறாரு. அப்பறம் சோளக்கஞ்சிய வெரல்ல தொட்டு ஊட்டுறாரு. மூணு நாளா வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்குறேன். அண்ணே, எலும்பு இல்ல, நாந்தான் முட்டை வச்சேன்னு சொல்லிட்டா கைய எடுத்துருவாரு. சொல்ல வாய் வரல எனக்கு. வெட்டுக்கத்திக்குப் பயம். ஞானத்தகப்பன்கிட்ட இப்படிச் செஞ்சவளாம்னு ஊரு பேசும், அதுக்கும் பயம். இப்போ உங்க மொகத்தப் பாக்கப் பாக்க, அதெல்லாம் ஒரு பயமான்னு இருக்கு.

சோளம் உரிக்கிற காலம் தம்பி இது. அவரு வெரலெல்லாம் கீறல்.

கேட்டீங்களா? அது அவரு வீட்டுப் படல் தெறக்கிற சத்தம். வந்துட்டாரு. வாங்க, முன்னாடி போங்க, நானும் பின்னாடியே வரேன். முட்டையப் பத்தி நானே சொல்லிக்கிறேன், கத்தி எடுத்தா எடுக்கட்டும்.

இந்தக் கைக்கட்டா? அவுக்கணும்னா அவுத்துப் பாருங்க. கடிச்ச நாயோட முடியக் கருக்கி, காப்பித்தூளோட வச்சுக் கட்டிருக்கேன், எங்க வழக்கம் அது. கல்லு படல தம்பி. ஏழு எண்ணுறப்போ பட்ட பல்லு. அத அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல அவரு கையப் புடிங்க, கஞ்சிச் சட்டி சத்தம் கேக்குது.