வண்டியை ஓட்டியவன்

—நீ பாக்கலன்னு சொல்லு, அவ்வளவுதான். பொய் சொல்லுன்னா கேக்கேன்?

—பாத்ததப் பாக்கலன்னா அதுக்குப் பேரு என்னண்ணே?

—எப்சி, இதுக்காகத்தான் தச்சநல்லூர்லருந்து வேலையப் போட்டுட்டு வந்திருக்கேன். சாயந்தரம் இன்ஸ்பெக்டர் வருவாரு. வாசல்ல வத்தல் காயப்போட்டுக்கிட்டிருந்தேன், சத்தம் கேட்டுத்தான் திரும்புனேன்னு சொல்லிரு. கார ஓட்டுனது நம்ம டிரைவர் இசக்கியப்பன். அவனே ஸ்டேஷன்ல ஒத்துக்கிட்டான்.

—ஒத்துக்கிட்டானா, ஒத்துக்க வச்சியளா? அன்னைக்கு இசக்கியப்பன் கார்லயே இல்ல. உங்க மகன் ஜெனோ மட்டுந்தான் இருந்தான். மணிமுத்தாறுல குளிச்ச ஈரத்தலையோட, போனக் காதுல வச்சிக்கிட்டு. புல்லுக்கட்டோட ரோட்டோரமாப் போன மாரிக்கண்ணு மேல ஏத்திட்டான். நான் ஓடிப்போயி ஒரு வாய் தண்ணி குடுக்கதுக்குள்ள உசுரு போயிட்டு.

—செத்தவ திரும்பி வரவா போறா? ஞாயித்துக்கிழமை ஜெனோவுக்குக் கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சு அறிவிக்காங்க. தாயில்லாப் பிள்ளை. நீ வளத்த பிள்ளைல்லா?

—அதான் வயிறு எரியுது.

—சரி. நேத்து போன்ல சொன்னதத்தான் திரும்பச் சொல்லுதேன், உன் மக ஸ்வீட்லின் பி.எட் முடிச்சிட்டு வீட்டுல கெடக்கா. பள்ளிக்கூடக் கமிட்டியில என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. ஜூன் மாசம் அவ டீச்சர்.

—முன்ன நான் வந்து கேட்டப்ப வரிசைப்படிதான் வரணும்னிய. இப்ப அந்த வரிசை எங்க போச்சு?

—வேணுமா, வேண்டாமா?

—வேணும். இல்லன்னு சொல்ல மாட்டேன். நேத்து நீங்க போன்ல சொன்னதுலருந்து மனசு கெடந்து அடிச்சுக்கிடுது. விடிஞ்சதும் அவள எழுப்பிச் சொல்லிரலாம்னு கட்டில் வரைக்கும் போனேன். தூங்குத மொகத்தப் பாத்தேன். இப்படி ஒரு வேலையில போயி நின்னு பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பான்னு தோணிட்டு. பைய வெளிய வந்துட்டேன்.

—பெரிய பரிசுத்தவாட்டி. வேதத்துல மன்னிக்கச் சொல்லியிருக்கா, இல்லியா?

—வசனத்த எடுக்காதிய. ஆண்டவர உப்பரிகையில நிறுத்தி, கீழ குதின்னு சொன்னவனும் வசனஞ் சொல்லித்தான் சோதிச்சான்.

—கூடப்பொறந்தவன பிசாசுன்னா சொல்லுத?

—உங்கள சொல்லல. நீங்க கொண்டாந்திருக்கது அவன் சரக்கு. இசக்கியப்பனுக்கும் ரெண்டு பொட்டப்பிள்ளைய இருக்கு. எதைக் காட்டி அவன ஜெயிலுக்குப் போகச் சொன்னிய?

—அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. நீ உன் சோலியப் பாரு.

—என் வீட்டு வாசல்ல ஒருத்தி செத்துக் கெடந்தா. இதுவும் என் சோலிதான்.

—ஏட்டி, அவன் அம்மை சாகும்போது கையில அடிச்சுக் குடுத்திருக்கேன், பிள்ளைய பாத்துக்கிடுதேன்னு. அது உனக்குத் தெரியும்.

—தெரியும். பாத்துக்கிடுததுன்னா அவன் செஞ்சத இன்னொருத்தன் தலையில கட்டுததா? மயினி உசுரோட இருந்தா உங்கள இந்தப் படியேற விட்டிருக்க மாட்டாவ.

—அவ பேச்ச எடுக்காத. இங்கன பாரு, நீ வாயத் தொறந்தா இனி இந்த வாசல்ல என் கால் படாது. நீ செத்தாலும் வரமாட்டேன்.

—வராதிய.

—வளத்த பிள்ளையவே காட்டிக் குடுத்தவன்னு சபை முழுக்கப் பேசும். எந்த மொகத்தோட நீ கோயிலுக்குப் போவ?

—நான் காட்டிக் குடுக்கலண்ணே. நீங்க வாரதுக்குக் கொஞ்சம் முந்தி ஜெனோ வந்தான். என் மடியில விழுந்து அழுதான். 'இசக்கியண்ணன் பிள்ளையள் மொகத்துல முழிக்க முடியல அத்தை, நானே போயி உண்மையச் சொல்லிருதேன். அப்பா தேடி வருவாவ, கொஞ்ச நேரம் பேச்சுக் குடுத்து நிறுத்தி வையுங்க'ன்னு சொல்லிட்டு ஸ்டேஷனுக்குப் போனான். இந்நேரம் சொல்லி முடிச்சிருப்பான். இனி நீங்க போலாம்.