மூணாவது பள்ளம்

தம்பி: ...கையை எடுக்கா! இந்தச் சூட்டுல ரெண்டு சட்டைக்கு இஸ்திரி போட்டுடலாம் போலிருக்கே.

அக்கா: மெதுவாடா. இது லேப்டாப். நீ ரிப்பேர் பண்ற லிஃப்ட் இல்லே.

தம்பி: லிஃப்ட் நின்னா நின்ன இடத்துல நிக்கும். இது தானா அணையுது, தானா எழுந்துக்குது. எப்பலேர்ந்து?

அக்கா: வெயில் ஆரம்பிச்சதுலேர்ந்து. முதல்ல எப்பவாவதுதான். இப்ப... பாரு, பாரு! போச்சு மறுபடியும்!

தம்பி: பதறாதே, வந்துடும்.

அக்கா: வரும். வந்து ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி முழிக்கும். ஓடிட்டிருந்ததை நான் திரும்ப ஓட விட்டாத்தான் உண்டு.

தம்பி: பேட்டரியைக் கழட்டிப் பாத்தாச்சு, அதே கதை. சார்ஜர் மாத்தியாச்சு. மெமரியை எடுத்து ரப்பரால தேய்ச்சு மாட்டியாச்சு. சும்மா வெச்சா சமத்தா இருக்கு. நீ எதையோ ஓட விட்டதும்தான் கொதிக்குது. என்னக்கா அது?

அக்கா: அது... ஒரு கணக்கு.

தம்பி: கண்ணாடிக் கடையில கண்ணு டெஸ்ட் பண்றவளுக்கு வீட்ல என்ன கணக்கு?

அக்கா: முதல்ல சரி பண்ணு. அப்புறம் சொல்றேன்.

தம்பி: என் லேப்டாப்ல போட்டுக்கயேன்.

அக்கா: எல்லாம் நானே கொஞ்சம் கொஞ்சமா எழுதினதுடா. அதை உன்னோடதுக்கு மாத்தி ஓட வைக்கறதுக்குள்ள பொழுது போயிடும். எனக்கு இன்னிக்கு மதியானமே வேணும்.

தம்பி: லீவு போட்டதே இதுக்குத்தானா? சரி சரி, முறைக்காதே. அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடு. முதுகை முழுசாத் திறந்து பாத்துடலாம்.

அம்மா: இன்னுமா அந்தப் பொட்டியைக் கட்டிட்டு அழறீங்க? டீ ஆறுது.

அக்கா: அம்மா, இங்கே வெக்காதே! கொட்டினா அவ்வளவுதான்.

அம்மா: ஆமாம்மா. இந்த வீட்ல ஒரு டம்ளர் வைக்க எனக்கு இடமில்லே. பொட்டிக்கு மட்டும் தனி மேசை.

தம்பி: அம்மா, பழைய பல் பிரஷ் ஒண்ணு இருந்தா கொடேன்... யம்மாடி! இங்கே பாருக்கா. காத்து போற வழியில தலையணையே தைச்சு வெச்சிருக்கு தூசி.

அக்கா: இவ்வளவா?

தம்பி: ஃபேன் சுத்துது, காத்து எங்கே போகும்? இதையும் பாரு. சிப்புக்கும் இந்தச் செம்புத் தகட்டுக்கும் நடுவுல ஒரு பசை இருக்கணும், சூட்டைக் கடத்த. காஞ்சு சுண்ணாம்பா உதிருது. உயிர் போயிடும்னு பயந்து அதுவே அணைஞ்சுக்குது பாவம்.

அக்கா: பிழைக்குமா?

தம்பி: வயசானாலும் மனசு வலுவா இருக்கு. பல்லு விளக்கி, களிம்பு தடவி அனுப்பிடலாம். மூச்சு விடாம இரு, தூசி பறக்குது.

அக்கா: மணி ஆகுதுடா...

தம்பி: நீ நச்சரிச்சா ஸ்க்ரூ ஒண்ணு மிச்சமாகும், சொல்லிட்டேன்... ம். போடு இப்ப. ஓட விடு உன் கணக்கை.

அக்கா: ஓடுது.

தம்பி: கையை வெச்சுப் பாரு.

அக்கா: சுடவே இல்லையே!

தம்பி: கொஞ்ச நேரம் பாப்போம்... ம், தாங்கும். இப்ப சொல்லு. என்ன இது, கறுப்பா, பொரி தூவின மாதிரி?

அக்கா: வானம்.

தம்பி: வானமா?

அக்கா: பூமிக்கு அந்தப் பக்கம் ஒரு மலை மேல பெரிய டெலஸ்கோப் இருக்கு. அங்கே இப்ப ராத்திரி. அது எடுக்கற படத்தையெல்லாம் அப்பப்ப வெளியில விட்டுடுவாங்க. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். புதுசு வர வரப் பழசு போயிடும். என் ப்ரோக்ராம் ஒவ்வொரு படத்தையும் பிடிச்சு, ஒரே ஒரு நட்சத்திரம் எவ்வளவு பிரகாசமா இருக்குன்னு அளக்கும். அளந்து இங்கே ஒரு புள்ளி வைக்கும்.

தம்பி: எந்த நட்சத்திரம்?

அக்கா: இதோ.

தம்பி: இது திரையில இருக்கற தூசி இல்லியா?

அக்கா: துடைச்சுப் பாரு.

தம்பி: ...போகல.

அக்கா: அந்த வெளிச்சம் அங்கேர்ந்து கிளம்பினப்போ நம்ம தாத்தாவோட தாத்தாகூடப் பிறக்கல. இப்பத்தான் வந்து சேருது. இந்த ஓட்டை லேப்டாப்புக்கு.

தம்பி: சரி... அதை எதுக்கு அளக்கறே?

அக்கா: ரெண்டு தடவை லேசா மங்கிச்சு. ரொம்ப லேசா. நூத்துல ஒரு பங்குகூட இருக்காது. இந்தப் புள்ளி வரிசையில பாரு, பள்ளம் விழுந்த மாதிரி. அப்புறம் பழையபடி மேல வந்துடுச்சு. ரெண்டும் ஒரே ஆழம், ஒரே அகலம்.

தம்பி: மேகம் மறைச்சிருக்கும்.

அக்கா: நெட்ல நட்சத்திரம் பாக்கறவங்க குழு ஒண்ணு இருக்கு, இதைச் சொன்னப்போ அங்கேயும் அதையேதான் சொன்னாங்க. மேகம், மெஷின் கோளாறு, என் கைக்கோளாறு. ஆனா மேகம்னா பக்கத்து நட்சத்திரமும் மங்கணுமே? ஒரு அம்மா மட்டும்... ஆராய்ச்சி பண்றவங்க... மூணாவது தடவை எப்ப விழும்னு முன்கூட்டியே சொல்லு, விழுந்தா நாங்க நம்பறோம்னாங்க.

தம்பி: சொல்லிட்டியா?

அக்கா: இன்னிக்கு மதியானம்னு சொல்லியிருக்கேன்.

தம்பி: அடிப்பாவி! விழலைன்னா?

அக்கா: கடைக்குப் போய் மேல் வரியைப் படிங்க, கீழ் வரியைப் படிங்கன்னு சொல்லிட்டிருப்பேன்.

தம்பி: விழுந்தா?

அக்கா: ...விளக்குக்கு முன்னால பூச்சி பறந்தா வெளிச்சம் ஒரு நொடி குறையுமில்லே? அது மாதிரி. அந்த நட்சத்திரத்துக்கு முன்னால ஏதோ ஒண்ணு போகுதுடா. சுத்தி வந்து, சுத்தி வந்து... போகுது.

தம்பி: ஏதோ ஒண்ணுன்னா?

அக்கா: நாம நிக்கறோமே, அது மாதிரி ஒண்ணு.

தம்பி: பூமியா?

அக்கா: அதைவிடப் பெரிசு. ஆனா ஒரு உலகம்.

அம்மா: சாப்பிட வர்றீங்களா இல்லியா?

தம்பி: அம்மா, சத்தம் போடாதே. இங்கே வந்து உட்காரு.

அம்மா: நான் எதுக்கு? எனக்கு என்ன புரியும்?

தம்பி: அக்கா... புள்ளியெல்லாம் நேராத்தானே போகுது?

அக்கா: இன்னும் நேரம் இருக்கு.

தம்பி: ஃபேன் சத்தம் மாறுது...

அக்கா: அய்யோ, அணையப் போகுதா?

தம்பி: இல்லே, இல்லே. வேகம் எடுக்குது. அணையாது. நான் இருக்கேன்ல, நீ புள்ளியைப் பாரு.

அக்கா: அடுத்த புள்ளி வருது.

தம்பி: இது கொஞ்சம் கீழயா விழுந்திருக்கு?

அக்கா: ஒண்ணை வெச்சுச் சொல்ல முடியாது.

தம்பி: இதுவும்.

அக்கா: ...பேசாதே.

தம்பி: இதுவும் கீழக்கா! அடுத்ததும்! அக்கா, இறங்குதுடி!

அக்கா: என்னை ‘டி’ போட்டே கூப்பிடறியா?

தம்பி: தெரியாம வந்துடுச்சு... இப்ப... இந்த நிமிஷம் அது குறுக்க போய்க்கிட்டிருக்கு, இல்லே?

அக்கா: எப்பவோ போயிடுச்சு. நாம இப்பத்தான் பாக்கறோம்.

தம்பி: நீ சொன்ன நேரத்துக்கு! அவ்வளவு தூரத்துல இருக்கறது, நீ சொன்ன நேரத்துக்கு!

அக்கா: நான் சொன்னதுக்காக அது வரலடா. அது பாட்டுக்கு வருது. யாரும் பாக்காதப்பவும் வந்துட்டுத்தான் இருந்திருக்கு.

தம்பி: அழறியா?

அக்கா: தூசி.

தம்பி: இப்பத்தான் அவ்வளவும் எடுத்தேனே... அக்கா, மேல வருது பாரு. முடிஞ்சுதா?

அக்கா: முடிஞ்சுது. கடந்து போயிடுச்சு. அதே ஆழம், அதே அகலம்.

தம்பி: ...ஒரு சந்தேகம். போன தடவை இது விழுந்தப்போ நீ எங்கே இருந்தே?

அக்கா: கடையில. சாயங்காலம் வந்து பாத்தா விழுந்து முடிஞ்சிருந்துது.

தம்பி: மதியான வெயில்ல இந்த மெஷின் அரை மணி தாங்காது. அணைஞ்சா யாராவது திரும்ப ஓட விட்டாத்தான் ஓடும்னே. அந்தப் பள்ளத்துல பெரிசா இடைவெளியே இல்லியே?

அக்கா: அன்னிக்கு என்னவோ அதிர்ஷ்டம்...

தம்பி: அதிர்ஷ்டமாவது! அம்மா, இன்னும் எதுக்கு வாயை மூடிட்டிருக்கே? பொட்டி அணைஞ்சு அணைஞ்சு போகுது, உடனே வாடா, நான் கூப்பிட்டேன்னு அவகிட்ட மூச்சு விடாதேன்னு நீதானே போன் பண்ணினே? காலையிலேர்ந்து நானா வந்த மாதிரி நடிச்சு முடியல எனக்கு.

அக்கா: அம்மா...?

அம்மா: இந்த ரூம்ல எதையும் தொடாதேன்னு சொல்லியிருந்தியே, நீ திட்டுவியோன்னு பயந்துட்டேன். கூட்ட வந்தப்போ ஒரு நாள் அது அணைஞ்சு எழுந்துச்சு, படத்தைக் காணோம். நீ வந்து பாத்தா மூஞ்சி வாடிடுமேன்னு, நீ அமுக்கற அந்தப் பச்சை அம்பையே நானும் அமுக்கினேன். வந்துடுச்சு. அப்புறம் தினம் மதியானம் இங்கேதான் கிடப்பேன், விசிறியும் கையுமா. அன்னிக்கும் நான் ஒருத்திதான் இருந்தேன்டி. புள்ளியெல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா கீழ இறங்குச்சு. என்னன்னு எனக்கு என்ன தெரியும்... யாரோ பெரியவங்க சத்தமில்லாம வாசலைக் கடந்து போற மாதிரி இருந்துது. அடுப்புல வெச்சது தீயற வாசனை வருது, ஆனா எழுந்து போக மனசே வரல.